கராசவா கூட்டிப்போன ஒன்பதாவது ஆள்

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கராசவாவைத் தெரிந்த எங்கள் தெருக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்குக் கதை கட்டத் தெரியாது. நாகானோவில் ஒரு பஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் நேர அட்டவணை போட்டவர். எதைச் சொன்னாலும் மணி, நிமிஷத்தோடுதான் சொல்வார். இதையும் அப்படித்தான் சொன்னார். சொல்லி முடிக்கிற வரை ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்தது நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. பட்டப்பகல்.

ரிட்டயர் ஆன பிறகு கராசவா மாதத்தில் ஒரு நாள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவார். ஜென்கோஜி கோயிலுக்குப் போகும் கல் பாவிய தெருவில் கீழிருந்து மேலே நடை. வழியில் மசாலாப் பொடிக் கடை, மிசோ என்ற சோயா விழுது விற்கும் கடை, ஒயாகிக் கடை. கடைசியில் கோயில். ஒன்றரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்கு முடியும். நாலு மணி ஒரு நிமிஷம் ஆகாது. அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

அன்றைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1.30க்குக் கிளம்பினார்கள்.

1.52. மசாலாப் பொடிக் கடை. ஏழு சாமான் சேர்த்து இடித்த பொடியைச் சுடுதண்ணீரில் கலந்து, ருசி பார்க்கச் சின்னக் கிண்ணங்களில் தருவார்கள். எட்டுப் பேர் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கடைப் பெண் ஒன்பது கிண்ணம் வைத்தாள். எனக்கும் சேர்த்துப் போலிருக்கிறது என்று கராசவா ஒன்பதாவதை எடுத்துக் குடித்துவிட்டார்.

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, இதோ இன்னொண்ணு கொண்டு வரேன்" என்றாள்.

யாரிடம் சொன்னாள்? கராசவா யோசிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிட்டார்.

2.30. மிசோ கடையைத் தாண்டி ஏற்றம். கூட்டத்தில் மொமோசே என்று ஓர் அம்மாள். எழுபது வயது. சிகையலங்காரக் கடை நடத்தியவர், வாய் ஓயாது. அவர் பின்னாலிருந்து கத்தினார்.

"என்ன வழிகாட்டி ஐயா, பஸ் போயிடும்னு ஓடுறீங்களா? இங்க ஒருத்தருக்கு மூச்சு வாங்குது!"

அந்த அம்மாள் தன்னையே சொல்லிக்கொள்கிறார் என்று கராசவா நினைத்தார். திரும்பாமலே பதில் சொன்னார். "இன்னும் பத்து நிமிஷத்துல ஒயாகிக் கடையில இருக்கணும்ங்க."

"பதினொரு நிமிஷமானா ஒயாகிக்குக் கால் முளைச்சிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு... ஒரே ஒரு சிரிப்பு தாமதமாக வந்தது. கொஞ்சம் தள்ளி. கீழேயிருந்து.

2.41. ஒயாகிக் கடை. கீரை ஊறுகாய் அடைத்துச் சுட்ட மாவு உருண்டைகள், ஆவி பறக்கத் தட்டில் வந்தன. பத்து இருந்தன.

"எட்டுப் பேர், நான் ஒருத்தன். ஒன்பதுதானே சொன்னேன்?"

கடைக்காரம்மா முகத்தைச் சுளித்தாள். "வெளியில பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவருக்கு வயிறு இல்லையா? பாவம், இடது காலை இழுத்து இழுத்து ஏறி வந்திருக்கார். நீங்கபாட்டுக்கு உள்ள வந்துட்டீங்க."

மொமோசே பத்தாவது ஒயாகியைக் காகிதத்தில் சுற்றி வெளியே எடுத்துக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.



கால் இழுக்கும்.

அந்த வார்த்தையைக் கராசவா முன்பே கேட்டிருந்தார். பத்து நாளைக்கு முன்பு, போனில். ஹிராபயாஷி என்று ஒருவர். வயதான குரல்.

"எனக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும்ங்க. மெதுவாத்தான் வருவேன். கோயில்ல அந்த இருட்டுப் பாதையில ஒரு தடவை போய்ச் சாவியைத் தொட்டுடணும்னு ஆசை. தனியாப் போகப் பயம். சேர்த்துக்குவீங்களா?"

பத்துப் பேர் வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பெயர் கொடுத்தவர்கள் எட்டே பேர். கராசவா பட்டியலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இடம் இல்லைங்க. எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"ஓ... சரிங்க, சரிங்க. தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவ்வளவுதான். போனை வைத்ததும் மறந்துவிட்டார்.

இப்போது அந்த ஆள் தானாகவே வந்து சேர்ந்துகொண்டாரா? அப்படியானால் எட்டுப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்திருப்பாரே? கராசவாவுக்குக் காது மடல் சுட்டது. வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை 'வாங்க' என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சை எட்டியாவது பார்த்திருக்கலாம்.

அவர் பார்க்கவில்லை. முகம் கொடுக்க வெட்கம். முன்னைவிட வேகமாக நடந்தார்.

அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கல்லின்மேல் கைத்தடி. பிறகு, தேயும் செருப்பு.

டொக்... சர்ர்ர்.

டொக்... சர்ர்ர்.

3.10. வீட்டில் வைக்கும் மரச் சாமி மாடம் விற்கும் கடை ஒன்று. பெரிய கண்ணாடி. திரும்பாமல் அதில் பார்த்தார். தனக்குப் பின்னால் வருகிறவர்களை எண்ணினார்.

எட்டு.

மறுபடி எண்ணினார். எட்டுதான். மொமோசே கடைசி. பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்... யாருக்கோ கை கொடுத்திருப்பதுபோல முழங்கையை மடித்துக்கொண்டு.

டொக்... சர்ர்ர்.

3.34. கோயில். பெரிய மண்டபத்தின் தரைக்கு அடியில் போகிறது அந்தப் பாதை. கொஞ்சமும் வெளிச்சம் கிடையாது. வலது கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இரும்புச் சாவி கைக்குத் தட்டும். அதைப் பிடித்து ஆட்டினால் புண்ணியம்.

எட்டுப் பேரையும் முன்னால் இறக்கிவிட்டுக் கராசவா கடைசியாக இறங்கினார்.

மூன்றாவது படியில் வெளிச்சம் போய்விட்டது.

முன்னால் சாவி ஆடும் சத்தம். கடகட. ஒருவர். கடகட. இரண்டு பேர். மனசுக்குள் எண்ணிக்கொண்டே சுவரைத் தடவி நடந்தார். ஏழு. எட்டு.

பிறகு அமைதி.

பின்னால்...

டொக்.

சர்ர்ர்.

கராசவா நின்றார். அதுவும் நின்றது.

மூச்சு வாங்கும் சத்தம். ஓர் ஆள் தூரம்கூட இல்லை. ஒயாகிக் கீரையின் வாசனை.

"மன்னிச்சுக்கோங்க..." என்றது ஒரு குரல். போனில் கேட்ட அதே குரல். "என்னால உங்களுக்கு நேரமாயிடுச்சா?"

 ஏதாவது சொல்ல வேண்டும் என்று கராசவா வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"இடம்... இடம் இல்லைங்க."



மூச்சு இல்லை.

தடிச் சத்தமும் இல்லை.

ஓடினார். சுவரில் இடித்துக்கொண்டு ஓடினார். சாவியைத் தொடவேயில்லை.

3.41. வெளிச்சத்துக்கு வந்தபோது எட்டுப் பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் எங்கே?" என்றார் மொமோசே.

"யாரு?"

"யாரா? நல்லா இருக்கே! எட்டுத் தடவைதான் சாவி ஆடிச்சு. நீங்களும் தொடல, அவரும் தொடல. உங்களை நம்பித்தானே பின்னாடி அனுப்பினோம்?"

 மொமோசே விடவில்லை.

"வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தார். உங்களுக்குப் போன் போட்டாராம். இடம் இல்லைன்னீங்களாம். அப்புறம் எப்படியோ கிடைச்சுதாம். உங்களை ஒரு குறை சொல்லலையே அந்த மனுஷன்! நான்தான் கேக்கறேன். நோட்டீஸ்ல பத்துன்னு போட்டிருக்கு. நாங்க எட்டுப் பேர். எப்படிங்க இடமில்லாமப் போச்சு?"

எட்டுப் பேரும் இப்போது அவரைப் பார்த்தார்கள்.

கராசவா இடுப்பை வளைத்துக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். அந்தத் தரையில் ஒரு பொந்து இருந்தால் அதற்குள் போயிருப்பேன் என்று என்னிடம் சொன்னார்.

கோயில் ஆள் விளக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாருமில்லை. கோயில் மூடுகிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள். 4.30. அவருடைய நடை முதல் தடவையாக நேரம் தவறியது.

வீட்டுக்கு வந்ததும் ஹிராபயாஷியின் எண்ணைத் தேடி எடுத்தார். மணி 6.20. இரண்டு தடவை கை பின்வாங்கியது. மூன்றாம் தடவை அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"ஹிராபயாஷி ஐயா இருக்காருங்களா? நான் கராசவா. ஊர் சுற்றிக் காட்டுறவன். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."



"நான் தங்கச்சி பேசறேங்க. அண்ணன் வியாழக்கிழமை போயிட்டார். ஆத்தங்கரையில நடக்கும்போது விழுந்துட்டார். ஒரு வாரமா தினமும் நடந்தார். வேகமா நடக்கப் பழகிக்கிட்டா அடுத்த தடவை சேர்த்துக்குவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். இன்னிக்கு மத்தியானம்தான் எரிச்சோம்."

கராசவா போனைக் காதில் வைத்துக்கொண்டே தரையில் மண்டியிட்டார். இடமில்லை என்று தான் சொன்னது பொய் என்று அந்த மனிதருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"நான்... நான் ஒரு பெரிய தப்பு..."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்க நேத்து போன் பண்ணினதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்."

"நேத்தா?"

"ஆமா, நீங்கதானே? பெட்டி பக்கத்துல உக்காந்திருந்தோம். அண்ணன் போன் அடிச்சது. 'ஒரு இடம் இருக்கு, நாளைக்கு ஒன்றரை மணிக்கு வந்துடுங்க'ன்னீங்க. ஆள் போயிட்டார்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரிங்கன்னு வச்சுட்டேன். அப்புறம் அண்ணன் காதுல சொன்னேன். இடம் கிடைச்சிடுச்சாம், போயிட்டு வான்னு..."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இதே குரல்தாங்க."

கராசவா தன் போனில் பார்த்தார். இருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை 7.12. அந்த எண்ணுக்கு அழைப்பு. நாற்பத்தெட்டு நொடி.

7.12க்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் மனைவி. போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அவர் மனைவியிடமும் நான் கேட்டேன். இரண்டு பேரும் எழுந்திருக்கவேயில்லை என்றுதான் சொல்கிறார்.

கராசவா அதற்குப் பிறகு யாரையும் கூட்டிக்கொண்டு நடக்கவில்லை. கடைசியாக அவர் என்னிடம் சொன்னது இது.

"போன்ல வரச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியலைங்க. ஆனா அந்த இருட்டுல இடம் இல்லைன்னு சொன்னது நான்தான்."