சுருளாய் விழுந்த கடைசித் துண்டு

அவள் ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியைச் சீவும் கருவியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, கோப்பையை உடைத்தது யார் என்று சீவல்களுக்குச் சாயம் ஏற்றும் சாயக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் தொடவே இல்லக்கா."

"தொடாமலே உடையுறதுக்கு அது என்ன, உன் மனசா?"

சிரித்துவிட்டுக் குனிந்தவளின் கை நின்றது. மெழுகுக் கட்டிக்குள் இருந்த மூளைத் துண்டில் நகக்கீற்று அளவுதான் மிச்சம்.

முதலில் மேல்மெழுகைத் தடிமனாகச் சீவித் தள்ள வேண்டும். துண்டு தெரிந்ததும் கருவியின் அளவை மெல்லியதாக மாற்ற வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மாற்ற மறந்துவிட்டாள். மூளைத் துண்டும் தடித்த சுருள்களாகத் தட்டில் விழுந்திருந்தது. அதற்குமுன் ரொட்டிக் கடையில் ரொட்டி சீவியவள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் சீவல் அக்கா.

அது ஒரு பஸ் டிரைவரின் மூளை. அல்சைமர் என்ற மறதிநோய் முற்றிய காலத்தில் மனைவியையே டிக்கெட் எடுக்கச் சொன்னவர். அவர் இறந்தபின் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட வந்த அந்த மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு துண்டுகூட வீணாப் போகக்கூடாதும்மா."

"போகாதும்மா" என்று இவள் சொல்லியிருந்தாள். அவர் மூளையில் இதுதான் கடைசிக் கட்டி.

"தட்டுல விழுந்ததைக் குப்பையில கொட்டிட்டு, கட்டியில ஒண்ணும் தேறலன்னு எழுதிடுக்கா" என்றான் சாயக்காரன்.

"வாயை மூடிட்டு வெந்நீர் வை."

சுருள்களைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டாள். பாதி கிழிந்தன. ஆறு விரிந்தன. ரத்தக்குழாய்ச் சுவரை மட்டும் பழுப்பாக்கும் சாயத்தை அவன் முனகிக்கொண்டே ஏற்றினான். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டித் தீர்த்துவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார். குமிழை முன்னும் பின்னும் திருகினார்.

"இங்க வா. பாரு."

வழக்கமான மெல்லிய சீவலில் ரத்தக்குழாய்கள் வெறும் புள்ளிகள், அறுபட்ட முனைகள். இந்தத் தடித்த சீவலில் ஒன்று நீளமாகத் தெரிந்தது, டெலிபோன் ஒயர் போல முறுக்கிக்கொண்டு. பக்கத்தில் சில, ரத்தம் போக வழியில்லாமல் நூலாக இளைத்திருந்தன.

"இத்தனை நாளா நாம புள்ளியத்தான் எண்ணிட்டிருந்தோம். எங்க முறுக்குது, எங்க இளைக்குதுன்னு இதுல பின்தொடரலாம்."

"அப்ப மருந்து வருமா டாக்டர்?"

"நாளைக்கே வராது. ஆனா எங்க தேடணும்னு கொஞ்சம் புரியுது."

மறுநாள் அவள் தன் தவறைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு டிரைவரின் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"வளைஞ்சு வளைஞ்சு போகுதா? அவர் ஓட்டின ரூட்டே அப்படித்தாம்மா" என்றார் அவர். வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வியாழக்கிழமை வரச் சொன்னாள். மதியத்துக்குள் வேறு நோயாளிகளின் இரண்டு கட்டிகளை டாக்டர் கேட்டபடி தடிமனாக வெட்டினாள். பதினொரு சீவல்களில் மூன்று கிழிந்தன. ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனாள்.