பக்கத்துக் கட்டில் அண்ணாச்சிக்கு வந்த ஊசி

வயிற்றுவலி என்று செம்பூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் முருகேசன் என்ற சர்க்கரை நோயாளி. அவருக்கும் என் வயதுதான், முடி என்னைவிடக் குறைவு. ஆனால் தலைமை நர்ஸ் செல்விக்கு அவர் அண்ணாச்சி, நான் அங்கிள். செல்வி தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். நானும் அதே ஊர்ப்பக்கம்தான், என்ன பிரயோஜனம்? அண்ணாச்சிக்குச் சர்க்கரை பார்ப்பதும் ஊசி போடுவதுமாக ஒரே கவனிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு டாக்டரிடம் மருந்தில்லை.

ஒரு மதியம் அவர் எக்ஸ்ரே எடுக்கப் போனதும், அவருடைய ஜன்னலோரக் கட்டிலை ஒருமுறை அனுபவிப்போமே என்று அதில் படுத்துக்கொண்டேன். புது நர்ஸ் ஒருத்தி ஊசியோடு வந்தாள்.

"முருகேசன்?"

நமக்கும் கவனிப்பு வந்துவிட்ட மிதப்பில் தலையாட்டிக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையில் ஸ்கேனரைக் காட்டினாள். அது சிவப்பாக எரிந்து அலறியது. செல்வி ஓடி வந்தார்.

"இது அண்ணாச்சியோட இன்சுலின், அங்கிள். நீங்க ஸ்கேனுக்காக வெறும் வயித்தோட இருக்கிய. போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

"சிஸ்டர், எனக்கு மயக்கமா வருது."

"ஊசி இன்னும் அவ கையிலதான் இருக்கு அங்கிள்."

தலையாட்டியதை நம்பாமல் பட்டையைப் பார்த்ததற்காக, வார்டே கேட்கும்படி செல்வி அந்தப் பெண்ணைப் பாராட்டினார். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இப்போதெல்லாம் எந்த நர்ஸ் வந்தாலும், அவர் கேட்குமுன் என் முழுப்பெயரைச் சொல்லிப் பட்டையை நீட்டிவிடுகிறேன். பொறாமையை விடவில்லை. ஆனால் அதை என் கட்டிலில் இருந்தபடியே வைத்துக்கொள்கிறேன்.