ஒன்பதாம் அத்தியாயம் வரைக்கும்

வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று எனக்குப் பயம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. கிண்டி ஆபீசிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு சேலையூர் வீட்டுக்குள் நுழைந்தால் மேசைமேல் ஒரு பதிப்பகத்தின் வக்கீல் அனுப்பிய பதிவுத் தபால். பல்கலைக்கழகப் பாடப்புத்தகம் ஒன்றை அனுமதியின்றி ஒலிவடிவில் இணையத்தில் வெளியிட்டுவிட்டேனாம். பதினைந்து நாளில் நீக்காவிட்டால் வழக்கு.

புத்தகத்தை நான் வாசித்தது ஒரு பெண்ணுக்காக. தாம்பரத்தில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கோவளத்துக்குப் பக்கத்தில் மீனவர் குப்பம் அவள் ஊர். அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்தாள். ஒரு பரீட்சைக்கு அவள் சொல்லச் சொல்ல எழுதித்தரப் போனேன். முடிந்து வெளியே வந்ததும் கேட்டாள்: "அக்கா, உங்க குரல் தெளிவாக் கீது. ஒரே ஒரு புக்கு படிச்சு ரெகார்டு பண்ணித் தர்றீங்களா? பிரெயில்ல அது வரவேல்ல."

விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தலைக்குமேல் சுற்றத் தொடங்குவதற்கு முன்பு, விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பேன். அப்படியும் சத்தம் புகுந்துவிடும். "மூணாம் பாடத்துல குக்கர் ஏழு விசில் அடிக்குதுக்கா. பக்கத்து வூட்ல இன்னா, தினம் கறியா?" என்று சிரிப்பாள்.

அப்போதுதான் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் இலவச இணையப்பக்கம் அமைத்துக் கொடுத்தார். ஒருத்திக்காக வாசித்தது இன்னும் பத்துப் பேருக்குப் பயன்படட்டுமே என்று ஒவ்வொரு அத்தியாயமாக ஏற்றினேன். ஒன்பது ஏற்றியாயிற்று. இன்னும் ஐந்து பாக்கி இருக்கும்போது நோட்டீஸ் வந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் எடுத்துப் போனேன். இரண்டு முறை படித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் வாசிச்சுக் கொடுத்திருந்தா, சொந்தப் படிப்புக்கான நியாயமான பயன்பாடுன்னு வாதாடலாம் மேடம். நெட்டுல போட்டுட்டீங்களே."

"யார்கிட்டயும் காசு வாங்கலையே சார்."

"சும்மா கொடுத்தாலும் ஊருக்கே கொடுத்திருக்கீங்க இல்ல?"

"கண் தெரியாதவங்களுக்குன்னு சட்டத்துல ஒண்ணும் இல்லையா?"

தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எனக்காகவே மெதுவாகப் புரட்டினார் என்று நினைக்கிறேன். "இல்ல மேடம். அந்த எடத்துல சட்டம் ஒண்ணுமே பேசல."

அன்று சாயங்காலமே ஒன்பதையும் நீக்கினேன். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாக நீக்கவேண்டுமா' என்று கணினி கேட்டது. ஒன்பது தடவையும் ஆமாம் என்றேன்.

விடுதிக்குப் போய்ச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு கீறவன் கடையில ஜெராக்ஸ் போட்டுகினு போறான். அவனுக்கு நோட்டீசு இல்ல. காதால கேக்கறவளுக்கு நோட்டீசா? இன்னா நியாயங்க்கா இது?"

புத்தகத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் என்றும், சிட்லபாக்கத்தில் இருக்கிறார் என்றும் பின்னட்டையில் போட்டிருந்தது. விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவரே காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தார்.

"இதை எழுத எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. காலேஜ் வாசல்ல முழுப் புத்தகமும் ஸ்பைரல் பைண்டிங்ல தொங்குதும்மா, நானே பாத்தேன். அதனால பதிப்பகத்துமேல எனக்குக் கோவம் வரல" என்றார்.

"நீங்க அனுமதி கொடுத்தா போதாதா சார்?"

"என்கிட்ட இருந்தா கொடுக்கமாட்டேனா? உரிமை மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன். நானே உக்காந்து வாசிச்சு நெட்டுல போட்டாலும் எனக்கும் இதே நோட்டீஸ்தான் வரும்."

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். "அந்தப் பொண்ணு இருக்கற விடுதிக்கு நான் வரேன், புத்தகத்தை எடுத்துக்காம. நடந்த சரித்திரம் யாருக்கும் சொந்தமில்ல, என் வாக்கியந்தான் அவங்களுக்குச் சொந்தம். வேற வாக்கியத்துல சொல்லிட்டுப் போறேன்."

ஞாயிறுதோறும் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து சொன்னார். அவளோடு பார்வையில்லாத இன்னும் நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்து, செல்போனிலும் பழைய டேப்ரெக்கார்டரிலும் பதிந்துகொண்டார்கள். பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று நிறுத்துவார். "இது புத்தகத்துல இருக்கற மாதிரியே வந்துடுச்சு, அழிச்சிடுங்க" என்று சொல்லி, அதையே வேறுவிதமாகச் சொல்லிப் பார்ப்பார். சில சமயம் வேறு வார்த்தை கிடைக்காமல் தவிப்பார். பதினோரு வருஷம் தேடிக் கண்டுபிடித்த வார்த்தையை ஒதுக்கிவிட்டு, அதைவிட மட்டமான ஒன்றைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐந்து ஞாயிறு வந்தார். அதன்பிறகு நெஞ்சுவலி; வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சத்தை நான் ஆபீஸ் முடிந்து நேராக விடுதிக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். மறுபடி நோட்டீஸ் வந்துவிடக்கூடாதே என்று எதையும் பதியவில்லை. சில நாள் வாசிக்கும்போதே எனக்குக் கண் சொருகும். அவள் என் முழங்கையைத் தொட்டு, "போதும்க்கா, வூட்டுக்குப் போங்க" என்பாள். பரீட்சையில் இரண்டாம் வகுப்பில் தேறினாள்.

பதிப்பகத்துக்கு அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

மின்னஞ்சல்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. மதுரையிலிருந்து, சேலத்திலிருந்து, யாரென்றே தெரியாதவர்கள். 'அக்கா, ஒன்பதாம் அத்தியாயம் வரைக்கும் இறக்கி வைத்திருக்கிறேன். மீதி எப்போது வரும்?' முதலில் சட்டத்தையெல்லாம் விளக்கி நீளமாகப் பதில் எழுதினேன். பிறகு இரண்டு வரி. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, திறக்காமலே விட்டுவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து சட்டத்தைத் திருத்தினார்கள். பார்வையற்றவர்களுக்காக இப்படிச் செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று. அதற்குள் அவள் அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஆகியிருந்தாள். செய்தியைக் கேட்டதும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"இனிமே யாரும் கேக்கமாட்டாங்களாம்க்கா. மறுபடியும் போட்டுடலாமா?"

"போடலாம். அந்தப் புத்தகம் இப்ப பாடத்துல இருக்கா?"

"இல்லக்கா. சிலபஸ் மாறி ரெண்டு வருஷமாச்சு."

புதிய புத்தகம் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். அறுநூறு பக்கம் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.