தேயிலையில் ஒட்டிய காப்பிக்கொட்டை

அண்ணியின் பிஸ்கட் டப்பா இப்போது என் அலமாரியில் இருக்கிறது. உள்ளே கல்லாய் இறுகிய கறுப்புத் தேயிலைக் கட்டி ஒன்று. அதன் ஓரத்தில் ஒரு காப்பிக்கொட்டை பதிந்திருக்கிறது. அந்தக் கொட்டை அங்கே வந்ததற்கு நான்தான் காரணம்.

எண்பதுகளில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் நான் காப்பி குடோனில் கணக்கெழுதும் ரைட்டர். சாப்பாடு அண்ணன் வீட்டில். அண்ணி ரங்கூனில் பிறந்தவர். அங்கிருந்து கப்பலேறியபோது அவருடைய அப்பா கொடுத்தனுப்பியது அந்தச் சீனத் தேயிலை. அடைபோல் அழுத்தி, வருஷக்கணக்கில் பழுக்கவைப்பார்களாம். அப்பா அங்கேயே இறந்துபோனார். அவர் நினைவு நாளில் மட்டும் அண்ணி ஒரு துண்டு கிள்ளி, முதல் வெந்நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது வெந்நீரில் டீ இறக்குவார். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. காப்பிக்காரனுக்கு எதற்கு இந்தக் கஷாயம் என்று நான் வாயில்கூட வைத்ததில்லை. "எங்கம்மா வந்தா ஒரு டம்ளராச்சும் போட்டுக் குடுக்கோணும் கண்ணு" என்று மிச்சத்தைக் காபந்து பண்ணி வைத்திருந்தார்.

ஒருவழியாக ரங்கூனிலிருந்து அண்ணியின் அம்மா வந்தார். அவரை அழைத்துவர அண்ணனும் அண்ணியும் சென்னைக்குப் போயிருந்தபோது, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று டப்பாவைத் திறந்தேன். குப்பென்று பழைய மண்ணின் வாடை. காப்பியில் அந்த வாடை அடித்தால் மூட்டையையே ஒதுக்கிவிடுவோம். சரி, பூசணம் பிடித்துவிட்டது என்று உடைத்துச் சாக்கில் பரப்பி, காப்பி காயும் களத்தில் வெயிலுக்கு வைத்தேன். தை மாதத்தில் மழை வரும் என்று யார் கண்டது? ஆளாளுக்கு ஓடிக் காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டோம். அந்த அவசரத்தில் தேயிலையும் குவியலோடு போய்விட்டது.

"நொம்பத் தப்புப் பண்ணிட்டனுங்க அண்ணி." பஸ்ஸிலிருந்து இறங்கியவரிடம் சொல்லி அழுதேவிட்டேன். அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு நேரே போனார். களத்தில் குந்தி, கொட்டைகளுக்கு நடுவிலிருந்து துணுக்குத் துணுக்காகப் பொறுக்கினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஈரத்தோடு மறுபடி அடையாக அழுத்தி நிழலில் உலர்த்தி, மூன்றாம் நாள் டீ போட்டார். அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து முகர்ந்தார். ஒரு மடக்குக் குடித்தார்.

"காப்பி வாசனை ஏறியிருக்கே."

அண்ணியின் முகம் செத்துப்போனது.

"இருக்கட்டும்டி. உங்கப்பா வாசனையும் இருக்கு, உன் வீட்டு வாசனையும் இருக்கு. நீ எப்படி இருக்கியோன்னு இத்தனை வருஷமா எனக்குத் தூக்கமில்ல. இனிமே தூங்குவேன்."

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. கறுப்பாக, வழவழவென்று தொண்டையில் இறங்கியது, கசப்பே இல்லை. அடடா, இதையா இத்தனை நாள் வேண்டாமென்றேன்!

இப்போது அம்மாவும் இல்லை, அண்ணியும் இல்லை. அன்று டீ குடித்து முடித்ததும், மிஞ்சிய கட்டியில் ஒட்டியிருந்த கொட்டையை நோண்டி எடுக்கக் கத்தியோடு உட்கார்ந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருந்துட்டுப் போவுது, உடு சாமி."