போபஜாரில் அம்மாவின் அட்டிகை

1978 டிசம்பரில், திருச்சியிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஹௌரா மெயிலில் உட்கார்ந்து, இரண்டாம் நாள் காலை கல்கத்தா சேர்ந்தேன். லேக் கார்டன்ஸுக்கு டாக்சி பதினான்கு ரூபாய். அங்கேதான் என் தங்கை வசந்தா இருக்கிறாள். அவள் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை.

ஊர் பார்க்க நான் போகவில்லை. தையில் என் மகளுக்குக் கல்யாணம். அம்மாவின் கெம்பு அட்டிகை எங்கள் இருவருக்கும் பொது. வீட்டுக் கல்யாணப் பெண்கள் போட்டுக்கொள்வார்கள். அது வசந்தாவிடம் இருந்தது. மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை.

"பாலிஷுக்குக் குடுத்திருக்கேன்க்கா" என்றாள்.

"நாமளே போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு டாலிகஞ்சில் டிராம் ஏறினோம். டிக்கெட் முப்பது பைசா. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். எஸ்பிளனேடில் இறங்கி, வேறு டிராம் பிடித்துப் போபஜார் போனோம்.

நகைக்கடைக்குப் பின்னால், மரப்படி ஏறினால் பட்டறை. நிதாய் பாபு என்ற ஆசாரி தரையில் உட்கார்ந்து, தலைமுடி கனத்தில் தங்கக் கம்பியை இலையாக வளைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஊதுகுழலால் விளக்குச் சுடரைச் சாய்த்து, இலையை ஒரு நகையில் பற்றவைத்தார். மூச்சு கொஞ்சம் கூடினாலும் இலை உருகிவிடும். அவருக்குக் கூடவில்லை.

எங்களைப் பார்த்ததும் ஒரு பட்டுத்துணியைப் பிரித்தார். உள்ளே இருந்தது சீதாஹார், வங்காளிப் பெண்கள் அணியும் நீளச் சரம். பக்கத்தில், காகிதப் பொட்டலத்தில் கெம்புக் கற்கள்.

"அட்டிகைதான்க்கா. மாத்திச் செஞ்சுட்டேன். அதைப் போட்டா இங்கே எல்லாரும் சிரிக்கிறாங்க."

சரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எங்காவது ஒரு குறை இருக்காதா என்று தேடினேன். இல்லை.

கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான்கு வருஷம் இருந்ததால் எனக்கு வங்காள மொழி புரியும். நிதாய் பாபு என்னிடம் சொன்னார்: "பழைய வேலை ரொம்ப உசத்தி தீதி. உடைக்க மனசு வரல்லே. நாலு நாள் தொடாம வச்சிருந்தேன். வீட்டுலே வேறே யாரையாவது கேக்கணுமான்னு கேட்டேன். அம்மாவுக்கு நான் ஒரே பொண்ணுன்னு இவங்க சொன்னாங்க."

திரும்பும் டிராமில் கேட்டேன்: "அக்கா இருக்கான்னு சொல்லியிருக்கலாமே, வசந்தா?"

"சொன்னா உன்னைக் கேக்கச் சொல்லுவார். நீ விடமாட்டே."

"விடமாட்டேன்தான்."

"உன் பொண்ணுக்கு இதையே போடேன்க்கா." பட்டுத்துணிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாளே மெயில் ஏறினேன்; கற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் திருச்சியிலும் நல்ல ஆசாரிகள் உண்டு. அந்த இலை வேலை இவர்களுக்கு வராது. தையில் வசந்தா அந்தச் சரத்தைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வந்தாள். பந்தலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, எங்கே செய்தது என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். விலாசத்தை நான்தான் சொன்னேன்.