கனடாக்காரி கெயிலும் பாலைவன மணலும்

சென்ற மாதம் ஒரு காலை, ஸ்காபரோவில் பல் மருத்துவரின் வரவேற்பறையில் காத்திருந்தபோது கைபேசி அடித்தது. சஸ்காச்சுவான் மாகாணத்து எண். கெயிலாகத்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். அவளுடைய மகன் கதைத்தான். "சறோ அன்ரி, அம்மா போய்விட்டா. தூக்கத்திலேயே" என்றான். என் பெயரைக் கூப்பிட்ட தாதியிடம் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாகனத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மறைந்தவரை "அவர்" என்று எழுதுவதுதான் முறை. எனக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. என்னால் அப்படி எழுத முடியவில்லை. எண்பதுகளில் துபாயில் அந்த ஆங்கிலப் பாடசாலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கும், பர் துபாயில் மீனா பஜாருக்குப் பின்னால் ஒரே வீட்டில் என்னோடு இருந்த பெண்களுக்கும் அவளைத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் தலையெல்லாம் மணலோடு வந்து நம் குசினியில் நின்றபடியே சோறு சாப்பிட்டுப் போனவள். அவளை அறியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் பாடசாலை அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். கெயில் விளையாட்டு ஆசிரியையாக வந்தாள். கோதுமைப் பண்ணையில் பிறந்தவள். கனடாவில் மோட்டோகிராஸ் ஓட்டியவள். அதாவது மேடும் பள்ளமுமான மண் தடத்தில், மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து விழுந்து எழும்பிப் போகும் பந்தயம். ஊரில் ஆண்களோடு ஓடிப் பல கோப்பைகள் வாங்கியிருந்தாள். துபாய்க்கு வந்த முதல் வாரமே, ஷார்ஜா பக்கத்துப் பாலைவனத்தில் வெளிநாட்டவர்கள் நடத்திய பந்தயக் கழகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றும் வாங்கினாள்.

முதல் பந்தயத்துக்கு அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டாள். நாங்கள் சிலர் போனோம். புறப்பட்ட இடத்திலிருந்து முதல் வளைவு வரைக்கும் அவள்தான் முன்னால். வளைவில் அவள் பிரேக் பிடித்தாள். முன்சக்கரம் கத்தியைச் செருகியதுபோல மணலுக்குள் இறங்க, அவள் தலைக்கு மேலால் பறந்து போய் விழுந்தாள். எழும்பி மறுபடியும் ஓட்டினாள். அடுத்த வளைவிலும் அதேதான். இறுதியில் வெயில் தாங்காமல் மயங்கி, தண்ணீர் வண்டியின் நிழலில் படுத்திருந்தாள். நான் முகத்துக்குத் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அடுத்த பந்தயம் எப்போது?"

அவளுடைய ஊரில் தடம் களிமண். முதல் சுற்றில் எங்கே சக்கரம் போனதோ, கடைசிச் சுற்றிலும் அங்கேயே போகலாம். மணலில் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் தடம் மாறிவிடும். "எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கே எனக்கு எதிராக வேலை செய்கிறது" என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் சொன்னாள். அதைச் சலிப்போடு சொல்லவில்லை. திருத்தக் கொடுத்த வாகனத்தில் எது பழுது என்று கண்டுபிடித்த ஆளைப்போலச் சொன்னாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க விழுந்தாள். முழங்கையில் தையல், தோளில் கட்டு. எங்கள் பாடசாலைப் பேருந்துகளைப் பழுதுபார்த்த சேதுராமன் என்ற, தொழிலாளர் கேம்பில் தங்கியிருந்த இராமநாதபுரத்துத் தம்பிதான் அவளுடைய மோட்டார் சைக்கிளையும் கவனித்தான். அங்கத்தைய மணல் மாவுபோலக் காற்றில் வந்து இயந்திரத்தை அடைத்துவிடும். ஒருநாள் கெயில் தன்னுடைய நைலோன் காலுறை ஒன்றைக் கொண்டுவந்து, காற்று வடிகட்டிக்கு மேலே மாட்டச் சொன்னாள். அறுவடைக் காலத்தில் அவளுடைய அப்பா உழவு இயந்திரத்துக்கு அப்படித்தான் செய்வாராம். சேதுவின் முகம் சிவந்துவிட்டது. என்னிடம் ஓடிவந்தான்.

"அக்கா, பொம்பளைங்க போடுற சாமானை நான் எப்புடிக்கா கையில தொடுறது?"

"புதுசுதான் சேது, கடையிலயிருந்து வாங்கினது. மாட்டும்."

"அப்ப சரிக்கா. ஆனா கேம்புல யார்ட்டயும் சொல்லிராதீங்க."

எண்பத்து மூன்று ஆடி மாதம் வந்தது. பாடசாலை விடுமுறை. ஆசிரியர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். கெயில் மட்டும் போகவில்லை. வெயிலுக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்று நின்றுவிட்டாள். காலியான கட்டடத்தில் நானும் அவளும் காவலாளியும்தான். அந்த நாட்களில்தான் கொழும்பில் கலவரம் என்று வானொலி சொன்னது. வெள்ளவத்தையில் என் அண்ணாவும் அண்ணியும் பிள்ளைகளும் இருந்தார்கள். தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. கெயில் ஒன்றும் கேட்காமல் என்னைத் தன் ஜீப்பில் ஏற்றித் தொலைபேசி நிலையத்துக்குக் கொண்டுபோனாள். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒவ்வொரு முறையும் கூண்டுக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

நான் சாப்பிடாமல் கிடந்த ஒரு விடியற்காலை வந்து கதவைத் தட்டினாள்.

"சறோ, உன்னைத் தேற்ற எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல நடிக்கவும் மாட்டேன். ஆனால் எனக்குப் பலகை பிடிக்க ஆள் வேண்டும். தொலைபேசி நிலையம் திறக்கும்வரைக்கும் வந்து பிடி."

பலகை என்பது, ஓடுகிறவர் கடந்து போகும்போது தடத்தின் ஓரத்தில் நின்று காட்டும் கரும்பலகை. எத்தனையாவது இடம் என்று சோக்கட்டியால் எழுதிக் காட்டுவார்கள். கெயிலுக்கு அது வேண்டாம். "என் இடத்தைத் தெரிந்து நான் என்ன செய்ய? தடம் எங்கே மாறிவிட்டது என்று எழுது" என்றாள். அதற்காக நான் முதன்முதலாக மணலை உற்றுப் பார்த்தேன். இடது பக்கம் ஆழமாகிவிட்டது, மேட்டுக்குப் பின்னால் பள்ளம் விழுந்துவிட்டது என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அழுதுகொண்டுதான் எழுதினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் என் பார்வை மணலில் இருந்தது. அண்ணா குடும்பம் அகதி முகாமிலிருந்து கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வந்த நாளிலும் நான் பலகை பிடித்தேன். அன்று மட்டும் "எல்லோரும் இருக்கிறார்கள்" என்று எழுதினேன். கெயில் மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அதற்கடுத்து வந்த குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஓட்டக்காரர்கள் வந்து கலந்துகொள்ளும் பெரிய பந்தயம் ஒன்றைக் கழகம் ஒழுங்கு செய்தது. கெயில் பெயர் கொடுக்கப் போனாள். நானும் கூடப் போனேன். கழகத்தின் செயலாளர் ஓர் ஆங்கிலேயர், பண்பான மனிதர். பண்பாகவே மறுத்தார்.

"மன்னிக்க வேண்டும். பெண்களுக்கென்று பிரிவு இல்லையே."

"நான் பெண்கள் பிரிவு கேட்கவில்லை. பந்தயம் கேட்கிறேன்."

"வருகிறவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், கெயில்."

"தெரியும். அதனால்தான் கேட்கிறேன்."

அவர் பந்தய விதிகளைப் புரட்டினார். தகுதிச் சுற்றுகள் இரண்டு; ஒன்றிலாவது தேறினால் இறுதிப் பந்தயத்தில் ஓடலாம், அது எல்லோருக்கும் பொது என்றார். "அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லையே" என்று சொல்லி அவருடைய கையைக் குலுக்கினாள்.

ஐரோப்பியர்கள் வந்து பயிற்சி எடுத்தபோது கெயில் ஓட்டவே இல்லை. வளைவுக்குப் பக்கத்தில் வயிறு மண்ணில் பட, குப்புறப் படுத்திருந்தாள். பெல்ஜியம்காரர் ஒருவருடைய பின்சக்கரம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பி நேரே அவரிடம் போய், "நீங்கள் எதைப் பார்த்து ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுத் தொலைவிலுள்ள ஒரு மின்கம்பத்தைக் காட்டினார். முன்சக்கரத்தைப் பார்க்கிறவர்கள் அதற்குப் பக்கத்திலேயே விழுகிறார்கள் என்றார். தோற்கடிக்க வேண்டிய ஆளிடமே போய்க் கேட்க அவளுக்கு வெட்கம் இருக்கவில்லை. "தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது" என்பாள்.

முதல் தகுதிச் சுற்றில் யாரோ பின்னால் வந்து மோதினார்கள். விழுந்தவளின் இடது கையில் இன்னொருவரின் சக்கரம் ஏறியது. அவள் திரும்பி வந்து கையுறையைக் கழற்றியபோது இரண்டு விரல்கள் நீலமாக வீங்கியிருந்தன. கிளச் பிடிக்கிற கை. சேது பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு ஆங்கிலமே வரவில்லை.

"காணும் கெயில், போதும், இனி விடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன்.

"என்ன சொன்னாய்?"

பதிலுக்கு அங்கே எல்லோருக்கும் தெரிந்த அரபுச் சொல்தான் வாயில் வந்தது. "கலாஸ். முடிஞ்சுது."

"மாஃபி கலாஸ்" என்றாள் அவள். முடிந்துவிடவில்லை என்று அவளுடைய அரபியில். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, எங்களுக்கும் வந்தது. சேது இரண்டு விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டுநாடாவால் சுற்றினான். "மேடம், யல்லா" என்றான், புறப்படுங்கள் என்று.

இரண்டாம் சுற்றில் அவள் கிளச்சை மிகக் குறைவாகவே பயன்படுத்தினாள். உடம்பை நன்றாகப் பின்னால் சாய்த்து, வேகத்தைக் குறைக்காமலே வளைவுகளை எடுத்தாள். வலியே அவளைப் பிரேக்கும் கிளச்சுமாக ஓட்டுகிற பழைய பழக்கத்திலிருந்து விடுவித்துவிட்டதோ என்று எனக்கு இன்றும் தோன்றும். நான் எழுதி எழுதிக் காட்டினேன். அவள் பலகையைப் பார்த்தாளா என்றே தெரியாது; பார்வை அவ்வளவு தூரத்தில் இருந்தது. தேறியவர்களின் கடைசிப் பெயராக அவளுடைய பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வாசித்தவர் அந்தச் செயலாளர்தான். தவறி விடக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, இரண்டு தரம் வாசித்தார்.

இறுதிப் பந்தயத்தில் அவள் வெல்லவில்லை. பெல்ஜியம்காரர் வென்றார். அவர் ஒரு சுற்று முழுவதுமாக அவளை முந்தியும் போனார். ஆனால் பலருடைய இயந்திரங்கள் மணல் குடித்து நின்றுபோக, பலர் களைத்து ஒதுங்க, கெயில் ஒருமுறைகூட விழாமல் ஓடி, பட்டியலின் நடுவில் வந்து முடித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "இவர்கள் எங்கே பயிற்சி எடுக்கிறார்களோ அங்கே நான் போக வேண்டும்" என்றாள். போனாள். அடுத்த இரண்டு கோடை விடுமுறைகளையும் பெல்ஜியத்திலும் ஹொலண்டிலும் மணல் தடங்களில் கழித்தாள். தோற்றாள், பிறகு சிலவற்றில் வென்றாள். பஹ்ரைனில் ஒரு தரம் பரிசு மேடையில் ஏறிய படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற இருவரும் ஆண்கள்.

எண்பதுகளின் கடைசியில், எனக்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்ட அண்ணாவிடம் நான் ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். கெயில் அதற்கு முன்பே ஊர் திரும்பிக் கல்யாணம் செய்து, தகப்பனின் பண்ணையை எடுத்து நடத்தினாள். என் முதல் பனிக்காலத்தில், வாகனம் ஓட்டப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். வார இறுதியில் விமானம் ஏறி வந்துவிட்டாள். வெறுமையான ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்துக்கு என்னைக் கூட்டிப்போய், என்னை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பக்கத்தில் இருந்தாள். "வேகமாகப் போய்த் திருப்பு" என்றாள்.

"வழுக்குமே கெயில்!"

"வழுக்கத்தான் சொல்கிறேன். நீயாக வழுக்கிப் பார்க்காவிட்டால், அது உன்னைக் கேட்காமல் ஒருநாள் வழுக்கும்."

வழுக்கினேன். வாகனம் பம்பரம்போலச் சுற்றியது. நான் கத்தினேன். அவள், "இன்னொரு தரம்" என்றாள். பின்னேரம் முழுக்க அதுதான். இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது, எனக்குக் கத்தி, அவளுக்குச் சிரித்து.

சென்ற மாதம் அவளுடைய இறுதிச் சடங்குக்குப் போனேன். விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறேன், பாதையெல்லாம் பனி என்றான் மகன். வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். தெரியாத நிலத்தில் பயத்தோடு இறங்கலாம், ஆனால் இறங்காமல் இருக்கக்கூடாது என்பதுதான் கெயிலிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. வாடகை வாகனம் ஒன்றை எடுத்தேன். இரு பக்கமும் வெள்ளை வயல்கள், முன்னால் நேரான வீதி. ஓரிடத்தில் பின்பக்கம் வழுக்கிப் போனது. வேக மிதியிலிருந்து காலை எடுத்தேன். வாகனம் இழுத்த பக்கமே சக்கரத்தைத் திருப்பினேன். அது ஆடி ஆடி நேராகியது. நான் தொடர்ந்து ஓட்டினேன்.