உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு கோழி

1957ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டாந் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, அதுவரை கறுத்துக் கிடந்த வானம் உடைந்து கொட்ட, கல்லறைகளின் மேல் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரிகள் எல்லாம் 'சுர்' என்று அணைந்து, கருகிய திரியும் ஈர மண்ணும் செவ்வந்திப் பூவும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அப்பாவின் கைக்கடிகாரம் அன்று என் கையில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று சகல ஆத்துமாக்களின் திருநாள். கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மாவும் மாமியும் நானும் பஸ் மாறி, சேமக்காலையில் இருந்த அப்பாவின் கல்லறைக்கு வந்திருந்தோம். மாமி என்றால் அப்பாவின் அக்கா. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவைப் புதைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா துறைமுகத்தில் 'டாலி கிளார்க்', அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவர். வீட்டிலும் படிக்கட்டு, முருங்கைக்காய், மாமியின் பெருமூச்சு என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டு இன்றைக்கும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பண்டகசாலையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சுவாமியார் தைலத்தோடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாகப்போகிறவருக்குக் குருவானவர் தைலம் பூசுவதை எங்கள் வீட்டில் 'அவஸ்தை' என்போம். "அவஸ்தை வாங்காமப் போன ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து வேகும், லேசில வெளிய வராது" என்று செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமி சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியின் மேல் வைத்த பாசத்தினால்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு விளங்கியது வேறு. மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமாக்கள் பாவம் தீர வேகும் அந்த இடத்தின் படம் கோயிலின் பக்கப் பீடத்தில் இருந்தது: செங்கல் வளைவுக்குள்ளே, இடுப்பளவு நெருப்பில் நின்று கைகளை உயர்த்தும் ஆண்களும் பெண்களுமாக ஏழு பேர். அப்பா எட்டாவது ஆளாக எந்த மூலையில் நிற்பார் என்று பூசை நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னைக் குழப்பியது 'ஸ்தலம்' என்ற சொல். எங்களுக்கு ஸ்தலம் என்றால் பஸ்ஸிலோ ரயிலிலோ போகக்கூடிய இடம். மடு மாதா கோயில் ஒரு ஸ்தலம். சோற்றுப் பொதியும் பாயும் கட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறோம். ஆகவே உத்தரிக்கிற ஸ்தலமும் இலங்கையில் எங்கேயோதான் இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது எங்கே என்பதையும் அப்பாவைப் புதைத்த அன்றே கண்டுகொண்டேன். குழிக்கருகில் நின்று நிமிர்ந்தபோது, மரங்களுக்கு மேலே ஒரு சிறிய தேவாலயத்தின் கூரையும், அதன் பின்னால் உயரமான ஒரு புகைபோக்கியும் தெரிந்தன. அது என்ன என்று கேட்டதற்கு மாமி என் தலையைப் பிடித்து மறுபக்கம் திருப்பி, "அதுதான் எரிக்கிற இடம். அங்கால பாக்காத" என்றார்.

அதன்பிறகு எங்கள் தெருமுனையில் பாண் சுடும் போறணையின் நெருப்பைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். இரண்டு தடவை சைக்கிளில் மோதினேன். அம்மாவோ தேத்தண்ணியைச் சூடாகக் குடிப்பதை விட்டுவிட்டார். ஊற்றி வைத்து, ஆடை படர்ந்து ஆறிப்போன பிறகுதான் வாயில் வைப்பார்.

மழை கொட்டியதும் பெண்கள் எல்லாரும் வாசல் மண்டபத்தை நோக்கி ஓடினார்கள். மாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவை இழுத்துக்கொண்டு போனார். நான் எதிர்ப்பக்கம், புகைபோக்கியை நோக்கி ஓடினேன். என் காற்சட்டைப் பையில், பழைய இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில், கோயில் தொட்டியிலிருந்து காலையிலேயே நிரப்பிய தீர்த்தம் இருந்தது.

தேவாலயத்தின் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம். உள்ளே வௌவால் நாற்றம். பதினான்கு வாங்குகள் ஒரு பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. சுவரிலே சலவைக்கல்லில் ஆங்கிலப் பெயர்கள்: கப்பல் தலைவன் ஒருவன், தேயிலைத் தோட்டத்துரை ஒருவனின் மனைவி, நான்கு மாதமே இருந்த ஒரு குழந்தை. நிறக் கண்ணாடி யன்னலில் நீலத் துண்டுகள் கழன்று விழுந்த ஓட்டைகளால் மழை உள்ளே தெறித்தது. பீடம் இருக்கவேண்டிய இடத்தில் நீளமான கல்மேசை ஒன்றும், அதன்மேல் இரண்டு தண்டவாளக் கம்பிகளும் இருந்தன. துறைமுகத்தில் தள்ளுவண்டி ஓடும் கம்பிகளை அப்பா எனக்குக் காட்டியிருந்தபடியால் இவை எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்பிகள் சுவரிலிருந்த ஒரு சிறிய இரட்டைக் கதவுக்குள் போயின. நான் குனிந்து அதற்குள் நுழைந்தேன்.

அந்தப் பக்கத்தில் இருட்டறை. எதிரே செங்கல் வளைவு, கோயில் படத்தில் இருந்த அதே வளைவு. அதற்குள் பாதி திறந்த ஓர் இரும்புக் கதவு. "அப்பா" என்று மெல்லக் கூப்பிட்டேன். உள்ளே ஏதோ அசைந்தது. நான் போத்தலைத் திறந்து இடுக்கு வழியாகத் தீர்த்தத்தை ஒரே வீச்சாக வீசினேன். "கொக் கொக் கொக்!" என்று பெரிய கூச்சல் கிளம்பியது.

"கவுத ஓய்! யாரு அது?"

சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி சேமக்காலைக் காவற்காரர் பின்வாசலில் நின்றார். சிங்களவர், சனம் எல்லாம் வந்து போகும் இடமாகையால் கொஞ்சம் தமிழும் வைத்திருந்தார்.

"ஏய் மல்லி, தம்பி, என்ட கோழிக்கு ஏன் தண்ணி ஊத்துற? முட்டை கூழாப் போகும்!"

இரும்புக் கதவை அவர் முழுதாக இழுத்தார். உள்ளே வைக்கோல், வைக்கோலின் மேல் சிலிர்த்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோழி அடைகிடந்தது. நான் கையை நீட்டி உட்சுவரைத் தொட்டேன். செங்கல் கிணற்றுக் கட்டுப் போலக் குளிர்ந்திருந்தது.

"நெருப்பு எங்க?" என்று கேட்டேன்.

"நெருப்பா? யுத்தம் வந்த நேரம் அணைச்சது. பிறகு மூட்டவே இல்ல."

"இங்க இருந்த ஆக்கள்?"

"ஒக்கொம கியா, மல்லி. எல்லாம் போயாச்சு."

"எங்க போனவங்க?"

அவர் புகைபோக்கி இருந்த பக்கம் நாடியை உயர்த்தினார். "மேலதான். வேற எங்க?"

"ஒருத்தரும் மிச்சமில்லையா?"

"ஒரு ஆள் இருக்கு" என்று கோழியைக் காட்டிச் சிரித்தார். "அவளும் இன்னும் பத்து நாள்ல குடும்பத்தோட வெளிய வந்திருவா."

அந்த மழையில் நான் ஓடிய ஓட்டம் போல வாழ்க்கையில் வேறெப்போதும் ஓடியதில்லை. வாசல் மண்டபத்தில் நின்ற அத்தனை பெண்களும் கேட்க, "அம்மா, உத்தரிக்கிற ஸ்தலத்த மூடியாச்சு! நெருப்பு இல்ல, நான் தொட்டுப் பாத்தனான்! எல்லாரும் மேல போயிட்டாங்களாம், ஒரு கோழி மட்டும்தான் இருக்கு!" என்று கத்தினேன்.

மாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மேரி, இவனுக்கு என்னவோ பிடிச்சிட்டுது. எங்கயடா போனனீ?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். மாமியின் முகம் சிவந்தது. "அடப் பாவி, அது புரட்டஸ்தாந்துக்காரன்ட இடமடா! எங்கட ஆக்கள் அங்க போகவே மாட்டாங்க!"

அம்மா என்னையும் மாமியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, கறுப்புச் சேலைத் தலைப்பால் என் தலையைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"அப்ப உங்கட தம்பி அங்க போயிருக்கவே மாட்டார்தானே, மச்சாள்."

பக்கத்தில் நின்ற ஒரு கிழவி 'களுக்' என்று சிரித்தாள். அம்மாவும் சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, ஓய வெகுநேரம் பிடித்தது. "பிள்ளை நேர போய்த் தொட்டுப் பாத்திட்டு வந்திருக்கு. இனி என்ட வீட்டில அந்த வேகிற கதை வேண்டாம், மச்சாள்" என்றார். மாமி அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழை விட்டதும் வாசலுக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் அம்மா மூன்று பிளேன்டீ சொன்னார். தன்னுடையதை ஊதி ஊதிச் சூடாகவே குடித்தார்.

'மேலதான்' என்று காவற்காரர் சொன்னது பிணம் எரிந்த புகையைத்தான் என்பது எனக்கு விளங்க மூன்று நான்கு வருடங்கள் பிடித்தன. அதற்குள் பயம் போய்விட்டிருந்தது. விளங்கிய பிறகும் அது திரும்பி வரவில்லை.

சென்ற மாதம் மறுபடி போனேன். தேவாலயம் இருக்கிறது, ஆனால் கூரைக்குத் தகரம் போட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள். பின்னறையை இடித்துவிட்டு வாகனங்கள் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். புகைபோக்கி இல்லை. சாயாக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அப்பாவின் குழியிலேயே பிறகு அம்மாவையும் அதன்பின் மாமியையும் வைத்தபடியால் அங்கே எனக்கு இடமில்லை. ஆறு மாதமாக என் நித்திரையைக் கெடுத்த கவலை அதுதான்.

வெள்ளவத்தையில் என்னோடு இருக்கும் மகளிடம், என்னை எரித்துவிடுங்கள் என்றேன். "எங்கட குடும்பத்தில ஒருத்தரையும் எரிச்சதில்லையே, அப்பா" என்று அவள் கண்கலங்கினாள். பங்குச் சுவாமியாரைக் கேட்டோம். இப்போது திருச்சபை அதைத் தடுப்பதில்லை, சாம்பலை மட்டும் மந்திரித்த இடத்தில் வைக்கவேண்டும் என்றார். மறுநாளே இறுதிச் சடங்குகள் நடத்தும் மலர்ச்சாலைக்குப் போய், எதற்கெல்லாம் எவ்வளவு என்று மூன்று தரம் கேட்டுக் கூட்டிப் பார்த்து, முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்து, அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். பெட்டி, வாகனம், தகனக் கட்டணம், போய்வந்த முச்சக்கரவண்டிக் கூலி எல்லாம் சேர்த்து, ரூபாய் ஒரு இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நானூற்று இருபது.